குமரியில் ஒரே நாளில் மலை, அருவி, கடல்முனை: முதல்முறை போகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் எல்லா இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். அதை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, மனைவி, மகள், மாமியார், நான் என நான்கு பேர், கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு ஆற அமரச் சாப்பிட்டு, திற்பரப்பு அருவிக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. வெள்ளம் வந்ததால் குளிக்கத் தடை. சரி, உலக்கை அருவியையாவது பார்ப்போம் என்று வண்டியைத் திருப்பினால், காட்டு வழியில் சோதனைச்சாவடியில் அனுமதி கேட்டார்கள். எங்களிடம் அது இல்லை. முட்டம் கடற்கரையை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கடல் இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம். "இதுக்கு வீட்டிலேயே ஷவரைத் திறந்துவிட்டு நின்னிருக்கலாம்" என்றார் மாமியார்.

அதற்குப் பிறகு மூன்று முறை போய், எதை எந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்பதை ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். மலை விடியற்காலைக்கு, அருவி முற்பகலுக்கு, கடல் மாலைக்கு. இந்த வரிசை மாறினால் மூன்றில் ஒன்று நிச்சயம் கைவிட்டுப் போகும். வாகனம் இருந்தால் ஒரே நாளில் முடியும். பேருந்தில் போவதென்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டின் மற்ற இடங்களைப் போல மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மட்டும்தான் என்று இங்கே கணக்குப் போடக்கூடாது. குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் பெய்யும். அருவியில் தண்ணீர் இருக்கும், ஆனால் அளவுக்கு மீறியும் இருக்கும்.

என் அனுபவத்தில் தோதான காலம் ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும். மழை ஓய்ந்திருக்கும், பச்சை மிச்சமிருக்கும், மலையேறும்போது வெயில் மண்டையைப் பிளக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் மழை இடைவெளி விட்ட வாரங்களும் நன்றாக இருக்கும். ஆனால் அப்போது காற்று பலமாக வீசும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் அத்தனை காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை.

தவிர்க்க வேண்டியது நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரையான சனி, ஞாயிறு. சபரிமலைக்குப் போய்வரும் பக்தர்கள் கன்னியாகுமரிக்கும் வருவார்கள், திற்பரப்புக்கும் வருவார்கள். அறை வாடகை ஏறும், அருவிக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த மாதங்களில்தான் வர முடியும் என்றால் செவ்வாய், புதன் பார்த்து வாருங்கள்.

2. தங்குமிடம்: நாகர்கோவில்

கடலைப் பார்த்த அறை என்ற ஆசையில் கன்னியாகுமரியில் தங்காதீர்கள். அது மாவட்டத்தின் ஓர் ஓரம். அருவிகள் இருப்பது இன்னோர் ஓரம். இடையே சுமார் 55 கிலோமீட்டர். நாகர்கோவில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அறையும் மலிவு.

சென்னையிலிருந்து வருபவர்களுக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வசதி. மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பிருந்த 120 நாள் கணக்கை நினைத்துக்கொண்டு யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விமானத்தில் வருகிறவர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம்.

நாகர்கோவிலில் இரண்டு பேருந்து நிலையங்கள் உண்டு. வடசேரி நிலையம் பெரும்பாலும் வெளியூர் பேருந்துகளுக்கு. மாவட்டத்துக்குள் சுற்றும் பேருந்துகளுக்கு அண்ணா பேருந்து நிலையம். நான் முதல்முறை வடசேரியில் நின்று, திற்பரப்புக்குப் பக்கத்து ஊரான குலசேகரத்துக்குப் பேருந்தைத் தேடி அரை மணி நேரத்தைத் தொலைத்தேன்.

3. வண்டி பேசும்போது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வாடகைக் கார்காரர்கள் முதலில் சொல்வது "8 மணி நேரம், 80 கிலோமீட்டர்" கணக்கு. நீங்கள் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி இரவு ஏழரைக்குத் திரும்பப் போகிறீர்கள். தூரமும் எல்லாம் சேர்த்து 130 கிலோமீட்டரைத் தாண்டும். கூடுதல் மணிக்கும் கூடுதல் கிலோமீட்டருக்கும் தனித்தனியாகக் கூட்டினால் கடைசியில் வரும் தொகை வேறாக இருக்கும். எனக்கு அப்படி 1,100 ரூபாய் கூடுதலாகப் போனது. முழு நாளுக்கு ஒரே தொகை, டிரைவர் பேட்டா உட்பட, பார்க்கிங் மட்டும் நம்முடையது என்று முதல் நாளே பேசி, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். போகும் இடங்களின் பெயரையும் அதே செய்தியில் எழுதுங்கள். "முட்டம் சொல்லவே இல்லையே சார்" என்ற பேச்சு அப்போது வராது.

இரு சக்கர வாகனம் எடுப்பதென்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியைச் சொந்த வண்டிபோலக் கொடுப்பவர்களிடம் வாங்காதீர்கள். விபத்து ஏதும் நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. ஹெல்மெட் இரண்டு கேட்டு வாங்குங்கள்.

4. பையில் இருக்க வேண்டியவை

ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டை, ஆளுக்கு ஒன்று. அறைக்கும் வேண்டும், வனத்துறை இடங்களுக்கும் வேண்டும். ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தால் போதும். ஆனால் மலையோரப் பகுதிகளில் சிக்னல் போய்ப் போய் வரும், அதனால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே காரணத்துக்காகச் சில்லறையாக 500 ரூபாய் ரொக்கம். நுழைவுச் சீட்டுக்கும் பார்க்கிங்குக்கும் ஜி-பே வேலை செய்யாமல் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வனச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். மாற்றுத் துணிக்குத் துணிப்பை, தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில்.

5. விடியற்காலை: மருந்துவாழ் மலை

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி சாலையில் சுசீந்திரம் தாண்டிப் போனால் பொற்றையடி. அங்கே இறங்கி உள்ளே திரும்பினால் அடிவாரம். அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்பது ஊர்ப் பேச்சு. மூலிகைகளுக்குப் பேர்போன மலை, பெயர் வந்ததும் அதனால்தான்.

நல்ல வெளிச்சம் வந்த பிறகு ஏறத் தொடங்குங்கள். உச்சியில் சூரிய உதயம் பார்க்கும் ஆசையில் இருட்டில் டார்ச்சோடு ஏறுவதைப் புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கீழ்ப்பகுதியில் படிகள் இருப்பதால் மிகச் சுலபம் என்று தோன்றும். மேலே போகப் போகப் படி காணாமல் போய்ப் பாறையும் புதருமான பாதை வரும். கவனமாகக் கால் வைக்க வேண்டிய இடம் அதுதான். சாதாரணமாக நடப்பவர்களுக்கு மேலே போக ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம். என் மாமியார் படி முடியும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே கடல் தெரிகிறது, அதனால் மூத்தவர்களைக் கூட்டிப்போவதில் தவறில்லை.

உச்சிக்குச் சற்று முன்னால் பிள்ளைத்தடம் குகை. ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த இடம். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் போய் வாருங்கள். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவே தென்னந்தோப்பும் குளங்களும் வயல்களும், வடக்கே வரிசையாகக் காற்றாலைகள். கன்னியாகுமரிக் கடற்கரையில் கூட்டத்தில் நசுங்கி உதயம் பார்ப்பதைவிட இந்தக் காட்சிக்கே என் ஓட்டு.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். குரங்குகள் உண்டு, பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். காற்று மாதங்களில் விளிம்புப் பாறையில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். ஒன்பது மணிக்குள் இறங்கிவிட்டால் வெயிலில் மாட்ட மாட்டீர்கள்.

காலைச் சாப்பாட்டை நாகர்கோவிலில் முடித்துக்கொள்ளுங்கள். ரசவடை கிடைத்தால் விடாதீர்கள். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் மணம் கார் முழுக்க நிற்கும்.

6. முற்பகல்: திற்பரப்பு, ஆனால் கிளம்பும் முன்

திற்பரப்பு அருவி கோதையாற்றில் இருக்கிறது. ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து அகலமான பாறைமேல் பரவி விழுகிறது. மேலே இருக்கும் பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் தண்ணீர் என்பதால் குற்றாலம்போலச் சில வாரங்களில் வற்றிவிடாது. ஆபத்தும் அதே அணையிலிருந்துதான் வருகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். முந்தின இரவு மலையில் பெய்த மழைக்கு அணையிலிருந்து உபரிநீர் திறந்திருப்பார்கள். அருவிக்குப் போனால் கயிறு கட்டியிருப்பார்கள்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நாளிதழ்களின் நாகர்கோவில் பதிப்பில் தினமும் அணை நீர்மட்டம் வரும். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி. 42 அடியைத் தாண்டினாலே வெள்ள அபாய எச்சரிக்கை விடத் தொடங்குவார்கள். மட்டம் அதற்கு மேலே இருந்து, மழையும் பெய்துகொண்டிருந்தால் அன்றைக்கு அருவியை நம்பிக் கிளம்பாதீர்கள். பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளும் அதே பட்டியலில் இருக்கும், உங்களுக்கு வேண்டியது முக்கியமாகப் பேச்சிப்பாறை. அன்று காலை, தங்கிய விடுதியில் இருப்பவரிடமோ கார் டிரைவரிடமோ குலசேகரத்தில் தெரிந்தவருக்கு ஒரு போன் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, விடுதி வரவேற்பில் கிடந்த பேப்பரிலேயே தடைச் செய்தி இருந்தது. திரும்பி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

பேருந்தில் போகிறவர்கள் அண்ணா நிலையத்தில் குலசேகரம் பேருந்து பிடியுங்கள். தக்கலை, திருவட்டாறு வழியாகப் போகும். குலசேகரத்திலிருந்து அருவிக்கு நகரப் பேருந்தோ ஆட்டோவோ. அருவிக்கென்று தனி நாள் வைத்திருப்பதால் நீங்கள் காலை பத்து மணிக்குள் அங்கே இருக்கப் பாருங்கள். அதன்பின் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும்.

நுழைவுக்கும் வாகனம் நிறுத்தவும் சிறு கட்டணம் உண்டு, எல்லாம் பத்து இருபது ரூபாய்க் கணக்கு. உடை மாற்ற அறை இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனியாக நீச்சல் குளமும் இருக்கிறது. மேலே தடுப்பணையில் படகு ஓடும். பாறை வழுக்கும், ஆகவே பிளாஸ்டிக் செருப்போடு அருவிக்கு அடியில் போகாதீர்கள். வெறுங்காலே மேல். நகை, கண்ணாடி, போன் மூன்றையும் குளிக்காத ஒருவரிடம் கொடுத்து உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பதவி எனக்குத்தான்.

தடை என்று தெரிந்துவிட்டால் புலம்பிக்கொண்டு நிற்காமல், வழியிலேயே தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விடுங்கள். மழை நாளுக்கு அதைவிட நல்ல மாற்று இல்லை. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளை விடுவார்கள்.

7. மதியம்: மாத்தூர் தொட்டிப்பாலம்

திருவட்டாறிலிருந்து 3 கிலோமீட்டர். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டி. பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், பக்கத்து நடைபாதையில் நடந்து கடக்கலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வர அரை மணி நேரம் போதும். உயரம் பார்த்தால் தலை சுற்றுபவர்கள் கீழே ஆற்றுக்கு இறங்கும் படியில் போய்விட்டு வரலாம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் பாலம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குக் குலசேகரம். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் குழம்பும் கேளுங்கள். சைவம் வேண்டுவோர் தக்கலை போய்ச் சாப்பிடுவது நல்லது.

8. காட்டுக்குள் இருக்கும் அருவிகள் வேண்டுமென்றால்

உலக்கை அருவி, காளிகேசம் போன்ற இடங்கள் திற்பரப்பு மாதிரி இல்லை. அவை வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கும் காட்டுப் பகுதி. மழை பெய்தால் மூடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் மூடுவார்கள். "கூகுள் மேப்பில் வழி காட்டுதே" என்று சோதனைச்சாவடியில் வாதாடிப் பயன் இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது குற்றம்.

முறையாகக் காட்டில் நடக்க ஆசையிருந்தால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு செய்யுங்கள். குமரி மாவட்டத்துக்கும் பாதைகள் உண்டு. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். கட்டணம் பாதையைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகும். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாகக் கூடவே வருவார்கள், அந்தப் பணத்துக்கு அதுவே தகும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று பாதைகளை மூடிவிடுவது வழக்கம், எனவே தேதியைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள். நம்மில் பலர் தலைகீழாகச் செய்வோம்.

இதை மேலே சொன்ன ஒருநாள் பயணத்தோடு சேர்க்காதீர்கள். தனி நாள் வேண்டும்.

9. மாலை: முட்டம்

மாத்தூரிலிருந்து மூன்றரை மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். தக்கலையில் போக்குவரத்து நெரிசல் எப்படியும் பிடித்துக்கொள்ளும். ஐந்து மணிக்கு முட்டத்தில் இருந்தால் சரியாக இருக்கும். சூரியன் நவம்பரில் ஆறு மணி வாக்கில் மறையும், ஜூலையில் ஆறே முக்கால் நெருங்கும். முதல் வேலையாகக் கலங்கரை விளக்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஏற விடும் நேரம் சூரியன் மறையும் வரை இருக்காது. அதன்பின் செம்மண் மேட்டுக்கு வந்து உட்காருங்கள். கீழே கறுத்த பாறைகளில் அலை மோதிச் சிதறுவதை அங்கிருந்து பார்ப்பதே போதும்.

பாறைக்கு இறங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரைக்குக் 'கள்ளக்கடல்' என்று ஒன்று வரும். மீனவர்கள் வைத்த பெயர். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயற்காற்று எழுப்பிய அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். நம் ஊரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் அமைதியாக இருப்பதுபோலத் தெரியும், திடீரென்று பொங்கிக் கரையேறும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த சமயத்தில், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. செய்திகளிலும் வரும். கிளம்பும் நாள் காலை அணை மட்டத்தோடு இதையும் பார்த்துவிடுங்கள். அங்கே போன பிறகு வலை பின்னிக்கொண்டிருப்பவர் யாரிடமாவது "இன்னிக்குக் கடல் எப்படி அண்ணே" என்று கேளுங்கள். நான் ஒருமுறை கேட்டதற்கு, "பாக்க நல்லாத்தான் இருக்கு மக்கா, தள்ளி நின்னு பாரு" என்றார் ஒரு பெரியவர்.

10. செலவு

நான்கு பேருக்கு எங்களுக்கு ஆனது: கார் 3,600 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடு 1,700, நுழைவு, பார்க்கிங், படகு எல்லாம் சேர்த்து 500க்குள், அறை இரண்டு இரவுக்கு 3,200. பேருந்தில் இரண்டு நாளாகப் பிரித்துப் போனால் பயணச் செலவு ஆளுக்கு நாளொன்றுக்கு 150 ரூபாயைத் தாண்டாது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, இலவசச் சீட்டை மட்டும் மறக்காமல் வாங்குங்கள்.

விவேகானந்தர் பாறைக்கான படகை இந்த நாளில் நுழைக்கப் பார்க்காதீர்கள். 2024 டிசம்பர் கடைசியில் அங்கிருந்து திருவள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு வரிசை இன்னும் நீண்டுவிட்டது. கடல் உள்வாங்கினாலோ சீற்றம் இருந்தாலோ படகையும் நிறுத்துவார்கள். அதற்கு இரண்டாம் நாள் காலையை ஒதுக்கி, படகு கிளம்பும் எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள்.

பேருந்தில் முட்டம் போகிறவர்கள் இறங்கியவுடனேயே நாகர்கோவில் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய பேருந்தையே உங்கள் கடைசிப் பேருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.